நாற்காலியை எந்தப் பக்கம் போடுவது

ஜனவரி பதினைந்தோடு கப்பல் ஓட்டம் முடிந்தது.
மதகுகளை மூடிவிட்டார்கள். டுலூத்தில் ஏரி கரையோரம் கெட்டிப்பட ஆரம்பித்தது.
பத்து வாரம் நான் சமைத்துப்போட யாருமில்லை.
இருபத்திரண்டு பேருக்கு முட்டை பொரித்த கை
சும்மா இருக்குமா?
சுப்பீரியர் தெருவில் இறங்கி
ஒரு கிட்டார் வாங்கிவிட்டேன்.

பச்சை.
இலைப் பச்சை இல்லை, பல் மருத்துவர் வீட்டுச் சுவர்ப் பச்சை.
"வேறு நிறமும் இருக்கிறது" என்றாள் கடைக்கார ரோண்டா,
இரண்டு தடவை.

பெட்டியைத் திறந்தால் புதுச் செருப்பு வாசனை.
கழுத்து தடிமன்தான்,
வாணலிப் பிடி பழகிய கைக்கு அது சரி.
மூன்றாவது நாப் லொடலொடக்கிறது.
சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

கம்பிகளுக்கு அடியில் இரண்டு பிக்கப்.
காந்தத்தின் மேல் முடியினும் மெல்லிய செம்பு,
ஆயிரக்கணக்கான சுற்று.
நான் பாடினால் இவற்றுக்குக் கேட்காது.
ஜன்னலை உதைக்கும் ஏரிக்காற்று கேட்காது.
இரும்பு அசைந்தால் மட்டும் திரும்பிப் பார்க்கும்.
இந்த ஊரும் அப்படித்தான்,
தாது ரயில் வந்தால்தான் கண் திறக்கும்.

பிரிட்ஜ் பக்கம் இருப்பது இரட்டைச் சுருள்.
ஒன்று நேராக, மற்றது எதிராக.
ஊர் இரைச்சலை ஒரு காதில் வாங்கி
மறு காதில் விட்டுவிடும்.
நல்ல குணம்.
என்னோடு பதினோரு வருஷம் இருந்த லைலுக்கும் அதே குணம்,
அவன் என் பேச்சையும் சேர்த்து விட்டுவிட்டான்.
ஒலி கெட்டியாக வருகிறது,
ஓரம் மட்டும் லேசாகக் கருகிய வெண்ணெய்.

கழுத்துப் பக்கம் இருப்பது ஒற்றைச் சுருள்.
பாம்புச்செவி.
மெல்லத் தொட்டாலும்
குளிர்ந்த கரண்டி பீங்கானில் பட்டதுபோல ஒரு தெளிவு.
தொடாவிட்டால்
ம்ம்ம்ம்ம்.
ஃப்ரிட்ஜ், மாடிப்படி டியூப் லைட், யார் வீட்டு ஹீட்டரோ,
எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டு வந்து சொல்கிறது.

நாற்காலியோடு சுற்றிப் பார்த்தேன்.
அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தால் உறுமல்.
கதவைப் பார்த்தால் இன்னும் மோசம்.
வடகிழக்கே, ஏரிக்கு முகம் கொடுத்தால்
கிட்டத்தட்ட அமைதி.
கிட்டத்தட்ட. ஒரே ஒரு வண்டு மிச்சம்.
நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டினேன்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய், இரவு ஒன்பது மணி,
வண்டும் செத்தது.
ஆம்ப் அணைந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன்,
சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
ஒரு கம்பியை மீட்டினேன்.
வந்தது, நின்றது, போனது.
அது போன இடத்தில் எதுவுமே இல்லை.
மறுநாளும் ஒன்பதுக்கு. அதற்கு மறுநாளும்.
பத்தேகாலுக்கு வண்டு உயிர்த்தெழும்.

வெள்ளிக்கிழமை துணி துவைக்கும் அறையில்
கீழ்வீட்டு ஆர்னி கங்காஸைப் பிடித்தேன்.
நகராட்சிக்குப் பனி வாரும் லாரி ஓட்டுகிறவர்.
"என் டிம்மர் விளக்குதான்," சாக்ஸுக்கு ஜோடி தேடிக்கொண்டே சொன்னார்,
"ரேடியோவிலும் கத்தும். அணைத்துவிடுகிறேன்."
"இருட்டில் என்ன செய்வீர்கள்?"
"சாப்பிடுவேன்."
டிரையரை மூடினார். கூடையை எடுத்தார். கதவருகே நின்றார்.
"இரண்டாவதாக வாசிப்பீர்களே,
அதில் நடுவே தினமும் தடுக்கி விழுகிறீர்கள். ஒரே இடம்."
"தெரியும்" என்றேன்.
தெரியாது.

இன்று அந்த இடத்துக்கு மெதுவாகப் போனேன்,
உறைந்த படியில் கால் வைப்பதுபோல.
விழுந்தேன்.
கீழே இருட்டில் முள்கரண்டி தட்டில் பட்டு நின்றது.
அதுவும் எஃகுதான்,
பிக்கப்புக்குக் கேட்கவில்லை.
எனக்குக் கேட்டது.
இன்னொரு முறை வாசித்தேன்.

மார்ச் கடைசியில் கப்பல் கிளம்பும்.
இதையும் எடுத்துப்போகத்தான் ஆசை.
அங்கே என் அறை ஒரு அலமாரி அளவு.
சுவர் இரும்பு, கூரை இரும்பு, அடியில் சுமையும் இரும்பு.
ஜெனரேட்டர் எல்லாத் திசையிலும் இருக்கிறது.
நாற்காலியைத் தரையோடு திருகி வைத்திருப்பார்கள்.