விளிம்பு

பாம்பன் தெற்குவாடியில் மீன் ஏலம் விடுகிறவன் நான்.
சந்தியாகு என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது.
வெள்ளையன் என்று கேளுங்கள்.
பிறக்கும்போதே மயிர், இமை, தோல் எல்லாம்
நிறம் வாங்க மறந்து வந்துவிட்டன.
நாலடி தள்ளிக் கிடக்கும் மீனே எனக்குக் கலங்கல்;
காதை வைத்துத்தான் தொழில்.
ஆயிரத்து எழுநூறு என்று ஒருவன் முனகுவதும்
அவன் முதுகுக்குப் பின்னால் இன்னொருவன் மூச்சை இழுப்பதும்
கேட்கும்.
விலை ஏறப்போகிறது என்று தெரியும்.

வலது காது மடலில், கண்ணாடிக் கால் ஏறும் இடத்தில்,
போன கச்சான் காலத்தில் ஒரு பொருக்கு.
பாறை முள் கீறியிருக்கும் என்றேன்.
அமலி மஞ்சள் பூசினாள்.
உதிர்ந்தது. வந்தது. உதிர்ந்தது.
தலையணையில் தினமும் ஒரு பொட்டு ரத்தம்,
சூடைச் செதில் அளவு.
கச்சான் ஓய்ந்து வாடை பிடித்தும்
புண்ணுக்குப் பருவம் மாறவில்லை.

ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில்
டாக்டர் நஜ்முன்னிசா முதலில் காதைத் தொடவில்லை.
தாடைக்குக் கீழே, கழுத்துப் பக்கம்,
விரலால் அழுத்திக்கொண்டே போனார்,
சேற்றில் நண்டு தடவுகிற மாதிரி.
"நெறி கட்டலை. நல்லது" என்றார்.
எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

மிளகளவு சதை கிள்ளிச் சோதனைக்குப் போனது.
பத்தாம் நாள் சொன்னார்: தோல் புற்றுநோய்.
"வெயில்தான். உங்க தோலுக்குக் குடையே கிடையாது.
தொப்பி போடுவீங்களா?"
போடுவேனே, இருபது வருஷமாக,
முன்பக்கம் மட்டும் நீட்டின தொப்பி.
அவர் என் இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தார்.
நான் நிழலில் இருக்கிறேன் என்று நினைத்த நாளெல்லாம்
இவை இரண்டும் வெளியே நின்றிருக்கின்றன.

"காது போச்சுன்னா ஏலம் போச்சு டாக்டர்."
"கேக்குறது உள்ளே. இது வாசல்.
வாசல்ல கொஞ்சம் இடிக்கப் போறோம், அவ்வளவுதான்."
காகிதத்தில் ஒரு காது வரைந்து
ஓரத்தில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு குறித்தார்.
கெட்டதை மட்டும் எடுத்தால் போதாதாம்,
சுற்றிலும் கொஞ்சம் நல்லதும் சேர்ந்து போகணுமாம்.
காரல் கூறு விலைபோக
நாலு நகரையை மேலே போடுகிறவன் நான்.
கணக்குப் புரிந்தது.

மரத்துப்போக ஊசி. துணிக்கு அடியில் விழித்தே கிடந்தேன்.
வலி இல்லை, சத்தம் இருந்தது.
குருத்தெலும்பில் கத்தி போகிற சத்தம்,
பச்சை நண்டு ஓட்டைப் பல்லில் வைத்தது போல,
வேறு யாருக்கும் கேட்காமல்
எனக்கு மட்டும்.
இவ்வளவு பக்கத்தில் நான் எதையும் கேட்டதில்லை.

துண்டு பாட்டிலில் போனது.
விளிம்பு சுத்தமாக வந்தால் முடிந்தது,
இல்லையென்றால் மறுபடி வெட்டு,
தேவைப்பட்டால் கரண்ட்.
ஒன்பது நாள்.
கட்டுப் போட்ட தலையோடு ஏலக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.
ரெமிஜியுஸ் ஏலம் விட்டான். தப்பாக விட்டான்.
நல்ல ஊளியை அறுநூறுக்குத் தள்ளினான்.
நான் வாயைத் திறக்கவில்லை.

சுத்தம் என்று போனில் வந்தது.
அமலி அழுதுவிட்டு, அரிசி கழுவப் போனாள்.

இப்போது வலது காது ஒரு சுற்றுச் சிறுசு.
கண்ணாடி நிற்பதில்லை;
நைலான் நரம்பால் பிடரியில் கட்டியிருக்கிறேன்.
சுற்றிலும் அகலமான ஓலைத் தொப்பி.
வெயில் களிம்பு ஒரு ட்யூப், ஒரு கிலோ கணவாய் விலை;
பூசினால் காது வெள்ளையாகிறது என்கிறாள்,
அவளுக்கு எப்படித்தான் வித்தியாசம் தெரிகிறதோ.
மூன்று மாதத்துக்கு ஒருதரம்
கழுத்தில் நண்டு தடவல்.

நேற்று சீலாவுக்குக் கூட்டம்.
பழக்கத்தில் உள்ளங்கையைக் காதுக்கு வளைத்தேன்.
எங்கே குறைகிறது என்று கைக்குத் தெரிந்திருந்தது,
அங்கே விரல் தானாக மடங்கிக்கொண்டது.
யாரோ முனகினார்கள்.
யார், எவ்வளவு, பிடிபடவில்லை.
"சத்தமாச் சொல்லுங்கப்பா" என்றேன்,
இத்தனை வருஷத்தில் முதல்தடவை.
கூட்டம் ஒரு நொடி அமைதியாகி,
பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள்.