நட்சத்திரக் குறி

சிகாகோ நகர மையம். மார்ச். விடிகாலை நான்கு பத்து.
ஐந்து பேருக்குக் குறைவென்றால்
எண்ணை வெளியிடக் கூடாது, விதி.
அந்தக் கட்டத்தில் நட்சத்திரக் குறி இடுவது என் வேலை.
எட்டு மாதமாக அதே நட்சத்திரம்.

முதல் ரயிலை நிறுத்திவிடலாமா என்று
மேலிடம் கேட்ட வாரம்
தூக்கம் கெட்டு அந்த நிலையத்துக்கே போனேன்.
அட்டையைத் தட்டி மூன்று பேர் வந்தார்கள்.
லுட்மிலா, வங்கியின் முப்பதாவது மாடியைத் துடைப்பவள்.
ஒஸ்வால்டோ, அதே வங்கியில் காவல்.
தெஃபெரி பேசவில்லை, வாய் நிறைய ரொட்டி.

"ஐந்து பேராவது ஏற வேண்டும்" என்று உளறிவிட்டேன்.
லுட்மிலா என் செருப்பைப் பார்த்தாள்,
வீட்டுச் செருப்பு.
"உன்னோடு நான்கு" என்றாள்.

மறுநாள் ஒஸ்வால்டோ
மச்சானை எழுப்பி இழுத்து வந்தான்.
போக்கிடமில்லாத மச்சான்
கடைசி நிறுத்தம்வரை குறட்டை விட்டான்.

மாதம் முடிந்து கோப்பைத் திறந்தால்
நட்சத்திரம் இருந்த இடத்தில்
ஐந்து.
அதில் ஒன்று நான்.

பிழை என்றொரு பத்தி உண்டு இந்தக் கோப்பில்.
பிழைப்பு என்று இல்லை.
எதுவும் எழுதாமல் மூடினேன்.
அலாரம் மூன்றரைக்கு.