அமரில்லோ

மருந்துச் சீட்டில் எழுதினேன்:
பசலைக்கீரை ஒரு கட்டு, கத்தரிக்காய் மூன்று,
சர்க்கரைவள்ளி ஒரு கிலோ
(அடித்துவிட்டு, இரண்டு பவுண்டு).
வாரம் ஒரு பெட்டி, இருபத்தாறு வாரம்.
கீழே கையெழுத்து, உரிம எண்.
கணினி கேட்டது: உணவுக்கு முன்பா, பின்பா?
காலியாக விட்டால் அது நகர மறுத்தது.
'உணவோடு' என்று போட்டேன்.

டேரல் ப்ரூவிட், ஐம்பத்தொன்று.
இராக்கில் தண்ணீர் லாரி ஓட்டியவர்.
மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஒன்பது புள்ளி நாலு.
இடது காலில் இரண்டு விரல்கள் ஏற்கெனவே கணக்கில் இல்லை.
நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?
"டப்பா."
அதற்கு முந்தின நாள்?
"இன்னொரு டப்பா."
எங்கே உட்கார்ந்து?
அதற்கு மட்டும் சிரித்தார்.
பின்கதவு கண்ணில் படுகிற மாதிரி
ஃபிரிட்ஜில் முதுகைச் சாய்த்து,
நின்றபடி, நாலே நிமிடம்.
மேசை இருக்கிறதாம்.
அதன்மேல் பிரிக்காத தபால் இருக்கிறதாம்.

முதல் பெட்டியைத் திருப்பி அனுப்பினார்.
"தானம் வாங்குகிறவன் இல்லை."
இன்சுலினைத் தானம் என்றா வாங்குகிறீர்கள், என்றேன்.
தொலைபேசியில் வெகுநேரம் காற்று மட்டும் கேட்டது.
இந்த ஊரில் காற்றுக்கு ஓய்வில்லை.
மாட்டுப் பட்டிகளின் வாடையை
வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும்,
யாரிடமும் கையெழுத்து வாங்காமல்.

இரண்டாம் பெட்டி திரும்பி வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவரே கூப்பிட்டார்:
"இந்த ஊதா நிறத்ததை எந்தப் பக்கம் திறப்பது?"
எனக்குத் தலைகால் புரியவில்லை.
எண்ணெய் தடவித் தீயில் நேரே வையுங்கள்,
தோல் கருகி வெடிக்கட்டும்,
வீடெல்லாம் அந்தப் புகை வாசம் நிறையட்டும்...
என் நாக்கில் ஊறியதையெல்லாம்
அவருக்குப் பத்தியம் என்று சொல்லிக்கொண்டே போனேன்.
அந்தப் பக்கம் மூச்சு.
பிறகு, "கருக வேண்டாம், மேடம்."
வைத்துவிட்டார்.

அன்று மாலைதான் அவர் கோப்பில்
நுரையீரல் பிரிவின் பக்கங்களைத் திறந்தேன்.
முகாம் ஓரத்தில் ஒரு குழி.
டயர், பேட்டரி, இரத்தம் காயாத கட்டுத்துணி,
விமான எரிபொருளை ஊற்றி இரவும் பகலும்.
பதினொரு மாதம் காற்று வந்த திசையில் அவர் கட்டில்.
ஏழாம் பக்கம். நான் ஆறோடு நிறுத்தியிருந்தேன்.

மறுநாள் நான் கூப்பிட்டேன்.
மன்னிப்பை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்
ஆவியில் வேகவைக்கலாம், என்றேன்.
ஒரு பானை, கொஞ்சம் தண்ணீர், மேலே மூடி.
"புகை?"
வராது. வருவதும் தண்ணீர்தான்.
"தண்ணீர் என்றால் எனக்குத் தெரியும்."

இருபத்து நாலாம் வாரம் எட்டு புள்ளி ஒன்று.
கொண்டாட ஒன்றுமில்லை. விரல் முளைக்கவில்லை.
கேல் கீரை இன்னும் பக்கத்து வீட்டு முயலுக்குத்தான் போகிறது,
அதை அவர் மறைப்பதும் இல்லை.

நிதி முடிகிறது.
நீட்டிக்கக் கேட்கும் படிவத்தில் ஒரு கட்டம்:
மருத்துவக் காரணம், இருநூறு எழுத்துக்குள்.
எண்களை எழுதினேன். அழித்தேன்.
மறுபடி எழுதினேன்.

இந்த ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதும்போதெல்லாம்
முன்பாதியில் பேனா ஒரு கணம் நிற்கும்.
அமர் என்றால் போர்.
அமர் என்றால் உட்கார்.
எது எப்போது என்று
பக்கத்துச் சொல்தான் சொல்ல வேண்டும்.

போன வாரம், எடை பார்த்து இறங்கும்போது,
ஷூவுக்குள் காலை நுழைத்தபடி சொன்னார்:
"மேசையில் கிடந்த தபாலையெல்லாம்
பெட்டியில் போட்டு மூடிவிட்டேன்.
உங்கள் பெட்டிதான். காய் தீர்ந்தது."

கட்டத்தில் எண்களுக்குக் கீழே தட்டினேன்:
நோயாளி இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

பதில் வர முப்பது வேலை நாள் ஆகுமாம்.
கடைசிப் பெட்டி வெள்ளிக்கிழமை.
கத்தரிக்காயை இரண்டு கூட்டிப் போட்டிருக்கிறேன்.