எழுபதுக்குக் கீழே

கணபதியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறவள் நான்.
காயிலுக்கு நாற்பத்தெட்டுச் சுற்று.
ஆடியில் கை உதற ஆரம்பித்தது.
நாற்பத்தாறிலேயே முடிந்துபோன இரண்டு மோட்டார்
புகைந்து திரும்பி வந்தன.
சம்பளப் பட்டியலில் என் கையெழுத்து
போகப் போகச் சிறுத்து
கடைசி எழுத்து வெறும் புள்ளி.

காந்திபுரம் லேபில் இடது கையில் குத்தினார்கள்.
மறுநாள் தாளில்:
ரத்தத்தில் செம்பு ஐம்பத்திரண்டு.
பக்கத்திலேயே அச்சடித்திருந்தது,
எழுபது முதல் நூற்று நாற்பது.

சிரித்துவிட்டேன்.
பன்னிரண்டு வருஷமாய் விரலெல்லாம் செம்பு வாசம்,
உள்ளே பற்றாக்குறையாம்.
"செம்புச் சொம்புல தண்ணி ஊத்தி வச்சுக் குடி" என்றாள்
பக்கத்து மெஷின் இந்துமதி.
ஒன்பது நாள் குடித்தேன்.

பத்தாம் நாள் பெரிய டாக்டர்
விளக்கணைத்து என் கண்ணுக்குள் ஒரு கோடு வெளிச்சம் விட்டார்.
கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம்.
"ரோட்டுல லாரி கம்மியா ஓடுதுன்னா
குடோன் காலின்னு அர்த்தமில்லைங்க.
சரக்கேத்திப் போற புரதம் உங்களுக்குக் கம்மி.
வெளியேற வேண்டிய செம்பும் வெளியேறலை.
ஈரல் நிரம்பி, மூளைக்கு வழிஞ்சிருக்குது.
முதல்ல அந்தச் சொம்பை எடுத்து வைங்க."

கம்பியிலிருந்து ஏறியதா என்றேன்.
இல்லையாம்.
அப்பா பாதி அம்மா பாதி,
இருவருக்கும் தெரியாமல் கொடுத்தது.

இன்னும் உறுதியாக ஒரு நாள் மூத்திரம் கேட்டார்கள்.
காலையில் முதலாவதைக் கொட்டிவிட்டு
மறுநாள் காலை வரை ஒரு சொட்டு விடாமல்.
ஐந்து லிட்டர் கேனை மஞ்சப்பையில் போட்டு
பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
"கடலெண்ணெயாக்கா? லிட்டர் என்ன வெலை?"
"விக்கறதுக்கில்லீங்க" என்றேன்.

முந்நூற்று எண்பது மைக்ரோகிராம்.
பழைய இரும்புக்கடைத் தராசில்
முள் அசையாது.
நூறு தாண்டினாலே சந்தேகமாம்.

மாத்திரை எழுதிக்கொண்டே கேட்டார்,
"கூடப் பொறந்தவங்க?
நாலுல ஒருத்தருக்கு வாய்ப்பிருக்குது."

திருப்பூரில் கட்டிங் மாஸ்டர் லோகு.
"எனக்கு ஒண்ணுமில்லக்கா.
கத்திரி பிடிச்சா நூல் பிசகாது."
சரி, ஒரு தாளில் உன் பேரெழுதிப் படம் அனுப்பு என்றேன்.

அனுப்பினான்.
இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்க்கிறேன்.
லோ பெரிதாக இருக்கிறது.
க, நா, த.
ன் மட்டும் கொஞ்சம் சின்னதோ?
அவன் எப்போதும் அவசரக்காரன்.
ஐந்தாம் வகுப்பு நோட்டு இருந்தால் ஒப்பிடலாம்,
எடைக்குப் போட்டாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஆறே காலுக்குத் திருப்பூர் பஸ்.
அவனைக் கேட்கப்போவதில்லை.
கையைப் பிடித்து இழுத்துவரப் போகிறேன்,
உதறுகிற இந்தக் கையால்.