ஓடையைத் தாண்டாதவள்

புதுப்பிக்க இரண்டரை மணி நேரம் என்றது திரை.
ஸ்டெய்ன்வோர் அதற்குள் இருமுறை
கொட்டகைக்குப் போய்வந்தாள்.
பனி பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.

உங்கள் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும்
என்று வாக்குக் கொடுத்திருந்தது.
வாக்குத் தவறவில்லை.
தொண்ணூற்றேழாம் வருடத்து ஆட்டுப் பதிவேடு
அதே ஃபோல்டரில், அதே பெயரில்,
நாற்பத்து மூன்று கேபி, ஒரு பைட்டும் குறையாமல்.

திறக்கத்தான் ஆளில்லை.
எந்த மென்பொருளால் திறக்க என்று
அவளையே கேட்டது,
பெட்டியைப் பத்திரமாய் இறக்கிவிட்டு
சாவியை அக்கரையில் மறந்துவந்த படகுக்காரன் மாதிரி.

நோட்பேடில் இழுத்துப் போட்டாள்.
கட்டம், கேள்விக்குறி, கட்டம், கட்டம்,
கோல்சா,
மறுபடி கட்டம்,
ஃப்ளெக்கா, ஒற்றைக் கொம்பு,
பிறகு பக்கம் பக்கமாய்ச் சரளைக்கல்.

அதற்குள் ஹால்வார்துரின் ஒரு வரி
எழுத்துப் பிழையோடு முழுசாக:
'இவள் ஓடையைத் தாண்டமாட்டாள். தூக்கிக்கோண்டு போ.'

அவன் இப்போது அக்குரேரியில்,
வேறொருத்தியோடு.

பேனா தேடினாள்.
கிடைத்தது ஆட்டு முதுகில் குறியிடும் நீலச் சாயக்கட்டி.
தீவன ரசீதின் பின்பக்கத்தில்
பெயர்களை மட்டும் எழுதினாள்,
அந்த வரியை விட்டுவிட்டு.

பிறகு அதையும்.
பிழையைத் திருத்தாமல்.