எட்டு மில்லிமீட்டர்

வால்பரைசோவில் எங்கள் குன்றுக்குக்
குப்பை வண்டி ஏறாது.
நூற்று அறுபத்துமூன்று படி.
தெருமுனையில் வண்டி உறுமிக்கொண்டு நிற்க
எலெயாசர்தான் மேலே வருவான்,
இரண்டிரண்டு படியாகத் தாவி.
இறங்கும்போது
தோளில் மூன்று பை, இடுப்பில் ஒன்று,
தொடையோடு உரசிக்கொண்டு இன்னும் இரண்டு.

அதுவரை அவன் தொடையைப் பற்றி
நான் நினைத்ததில்லை.
எழுபத்தோரு வயதுக்காரி
எதற்கு நினைக்கப் போகிறேன்.

நாளைக்கு மூன்று ஊசி எனக்கு.
தையல் ஊசிக்குக் காது உண்டு.
இதற்குக் காது கிடையாது,
உடம்பு முழுக்கத் தொண்டைதான்.
வயிற்றில் இறக்கி, பத்து வரை எண்ணி, உருவி,
மூடியைச் செருகி,
வெங்காயத் தோலுக்கும் தேயிலைச் சக்கைக்கும் நடுவே
ஒளித்துவிடுவேன்.
மூடி போட்டாயிற்றே என்றொரு நிம்மதி.
மூடிக்கென்ன,
ஒரு முட்டை ஓடு இடித்தால் கழன்றுவிடும்.

பிப்ரவரியில் இரண்டு வாரம் அவனைக் காணோம்.
வேறொருவன் வந்தான், மேல்மூச்சு வாங்க.
எலெயாசருக்கு என்ன என்றேன்.
தைத்துவிட்டது சென்யோரா என்றான்,
தன் தொடையைத் தொட்டுக் காட்டி.
எந்தப் படிக்கட்டில்?
இதில்தான்.

இந்தப் படிக்கட்டில் சர்க்கரைக்காரர்கள் மூன்று பேர்.
பச்சைக் கதவு ரிகோபெர்த்தோ.
போன வருஷம் காலை எடுத்துவிட்ட ஒலிந்தா.
நான்.
தைத்த ஊசியில்
யார் பெயரும் எழுதியிருக்காது.

அன்றைக்கே அவனிடம் ரத்தம் எடுத்தார்களாம்.
ஆறு வாரத்தில் ஒரு தரம்,
மூன்றாம் மாதம், ஆறாம் மாதம்.
மனைவி முழுகாமல் இருக்கிறாள்.
அவள் பக்கத்தில் படுக்கவே பயந்து
நாற்காலியில் தூங்குகிறானாம்.

எட்டு மில்லிமீட்டர் எவ்வளவு ஆழம் என்று
அளவுகோல் வைத்துப் பார்த்தேன்.
ஓர் அரிசியை
நட்டு வைத்த உயரம்.

மருந்துக் கவுண்டர்ப் பெண்ணிடம் போய்க் கேட்டேன்.
துணிக்கு மணம் சேர்க்கும் திரவ பாட்டில்
காலியாக இருக்கிறதா,
தடித்த பிளாஸ்டிக், திருகு மூடி?
உருவியதும் நேராக அதில்.
ஊசிக்கு மூடி செருகவே வேண்டாம்,
உங்கள் விரலைத்தான் குத்தும்.
முக்கால் நிறைந்ததும் திருகி, டேப் சுற்றி,
மேலே எழுதி, இங்கே கொண்டுவாருங்கள்.
பதினோரு வருஷமாக இதே கவுண்டரில்
வாங்கிப் போகிறேன்.
வாங்கியது எங்கே போகிறது என்று
அவளும் கேட்டதில்லை,
நானும் நினைத்ததில்லை.

இப்போது குளியலறையில் நீல பாட்டில்.
லேபிளில் துண்டின்மேல் தூங்கும் குழந்தை.
ஒவ்வொரு முறையும் உள்ளே 'டக்'.
அந்தக் குழந்தை விழித்துவிடுமோ என்று
மெதுவாகப் போடுகிறேன், பைத்தியக்காரி.

ரிகோபெர்த்தோவிடம் சொன்னபோது
கதவைப் பாதி சாத்தினான்.
என்னுடையதாக இருக்காது,
நான் செய்தித்தாளில் சுற்றித்தான் போடுவேன் என்றான்.
யாருடையது என்று நான் கேட்கவே இல்லை.
அடுத்த வாரம் அவன் ஜன்னலில்
ஒரு ப்ளீச் பாட்டில் இருந்தது.
ஒலிந்தாவுடையதை
என்னுடையதோடு சேர்த்து நானே எடுத்துப் போகிறேன்.

நேற்று எலெயாசர் திரும்பி வந்தான்.
ஒரு கைக்கு ஒரு பை மட்டும்,
நனைந்த பூனையைப் பிடிப்பதுபோல்
உடம்பிலிருந்து விலக்கி.
அவன் என் வாசலுக்கு வருமுன்
பையை வாரி வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்,
அவன் பார்க்கும்படி இறுக்கி நெரித்தேன்.
உள்ளே முட்டை ஓடுகள் நொறுங்கின.
பிறகுதான் நீட்டினேன்.

நீட்டிய கையாலேயே வாங்கினான்.
விலக்கிப் பிடித்தபடியே இறங்கினான்,
ஒவ்வொரு படியாக.

ஆகஸ்டில்தான் கடைசி ரத்தம்.