நான்கு விரல்

அட்டைப்பெட்டிகள் இரண்டும் வியாழன் மாலை வந்தன.
அப்பாவின் காரை விற்ற காசு.
'ஆளுக்குப் பாதி' என்பதைத் தவிர
அண்ணனும் நானும் இந்த மூன்று மாதத்தில்
முழுசாய்ப் பேசிய வாக்கியம் வேறில்லை.

தோல்மினில் மழை. சோச்சா ஆறு கலங்கி ஓடும் இரைச்சல்
காரேஜ் கதவின் அடியிடுக்கு வழியே வந்தது.
கொராஸ்த் கதவுப் பக்கம், நான் சுவர்ப் பக்கம்.
அலென் சாவிகள் மட்டும் நடுவே போய் வந்தன.
நான்கு மில்லிமீட்டர் வேண்டுமென்றால்
நான்கு விரல் காட்டினான்.

ஒரே சைக்கிள், ஒரே மாடல். அவனுக்குக் கருப்பு.
எனக்கு ஈரச் சிமெண்ட் நிறம்;
அதற்குப் 'புயல்' என்று பேர் வைத்துக்
கடைக்காரன் அறுபது யூரோ கூட வாங்கினான்.

டிஸ்க்கைத் தொடாதே என்றது கையேடு.
விரலின் எண்ணெய்ப் பிசுக்கே போதுமாம் பிரேக் கெட்டுப்போக.
நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள்.
வட்டமான எதையும் விளிம்பில்தான் பிடிப்பேன்.
அவன் பேக்கரியில் மாவு பிசைகிறவன்,
முழுக்கையால் பிடித்தான்.
சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.
ஆல்கஹால் நனைத்த துணியைக்
காலால் அவன் பக்கம் தள்ளினேன்.

பிறகு சக்கரத்தைக் கழற்றி ஓரமாய்ச் சாய்த்துவிட்டு
சும்மா ஒருதரம் பிரேக்கை அழுத்திப் பார்த்தான்.
இடையில் டிஸ்க் இல்லாத பேட்கள்
ஒன்றையொன்று கவ்விக்கொண்டன, விடவில்லை.
ஒன்றுமில்லாததைப் பிடித்து நெருக்கினால் இப்படித்தான்
என்றும் சொல்லவில்லை.
டயர் நெம்பும் பிளாஸ்டிக் துண்டால்
ஒரு மணி நேரம் அவற்றைப் பிரித்துக்கொண்டிருந்தான்,
மீன் வாயைத் திறப்பவன் மாதிரி.

பேட்டரிகள் விடியவிடியச் சார்ஜ் ஏறின.
வெள்ளி இரவு, கியருக்குக் கைப்பிடியை அறிமுகம் செய்யும் வேலை.
பின்கியரின் பொத்தானை அழுத்திப் பிடி,
பச்சை விளக்கு படபடக்கும்வரை.
கைப்பிடியின் பொத்தானை அழுத்து.
தீர்ந்தது. கம்பி கிடையாது.

அந்த மூலையில் அவன் அழுத்தியதும்
இந்த மூலையில் நான் அழுத்தியதும்
ஒரே நிமிடமாய் இருந்திருக்க வேண்டும்.

சொடுக்கினேன். என் கியர் அசையவில்லை.
எதிர் மூலையில் 'ட்ஸீக்' என்று
அவன் கியர் ஒரு பல் ஏறியது.

ரொட்டியைக் கடித்தபடி நின்றவன்
சைக்கிளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
இன்னொரு தடவை சொடுக்கினேன்.
அவன் மெல்வதை நிறுத்திவிட்டுத் தன் கைப்பிடிக்குப் போய்,
என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், அழுத்தினான்.
என் கியர் கீழே இறங்கியது.

ட்ஸீக்.
ட்ஸீக், ட்ஸீக்.

"அந்தக் கோபாரித்காரன் ஐயாயிரம்கூடத் தந்திருப்பான்."
"தந்திருப்பான். நீதான் நாலாயிரத்துக்கு விட்டாய்."
"நீ அன்றைக்கு வரவில்லை."
"என்றைக்கு என்று நீ சொல்லவில்லை."
ட்ஸீக்.
"ஆஸ்பத்திரிக்கும் நீ வரவில்லை, நிவெஸ்."

அதற்கு என்னிடம் பொத்தான் இல்லை.
மழை விட்டிருந்தது, ஆறு விடவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து
மிச்ச ரொட்டியைப் பிய்த்து நீட்டினான்.
கிரீஸ் விரலோடு வாங்கித் தின்றேன்.

விளக்குகளை அணைத்து முதலிலிருந்து ஆரம்பித்தோம்,
இந்தத் தடவை ஒவ்வொருவராக.
"நீ முதலில்." "இல்லை, நீ."
அதற்கே பத்து நிமிடம் ஆனது.

ஞாயிறு காலை ஊருக்கு வெளியே சமதளத்தில்
புது பிரேக் பழக்கினோம்:
வேகமெடு, அழுத்து, நிற்பதற்குள் விடு. இருபது தடவை.
முதல் ஏழெட்டில் பிடிப்பே இல்லை.
பதினொன்றில் லேசாய்.
எண்ணிக்கையை நான் தவறவிட்டேன், அவன் வைத்திருந்தான்.

சாதர்க் மேட்டிலிருந்து இறங்கும்போது நான் முன்னால்.
வளைவுக்கு வளைவு எனக்குப் பின்னால்
அறுபடும் பன்றிபோல ஓர் அலறல்.
அந்தத் துணி இன்னும் காரேஜ் தரையில்தான் கிடக்கிறது,
போட்ட மடிப்புக் கலையாமல்.

திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.
எங்கே வருகிறான் என்று
பள்ளத்தாக்குக்கே தெரிந்திருந்தது.